முப்பது நாள், இருபத்தேழு பக்கம்

2024இல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. மறுநாள் நவம்பர் 1, புதுச்சேரிக்கு விடுதலை நாள் விடுமுறை. வாசலில் சரவெடிக் காகிதம் இரவுப் பனியில் நனைந்து சிமெண்ட் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு உள்ளே வந்து அலமாரியை ஒழுங்கு செய்தபோது மகளுடைய பழைய நோட்டு ஒன்று கையில் அகப்பட்டது. 192 பக்க நோட்டு. முதல் மூன்று பக்கத்தில் வேதியியல் சமன்பாடுகள், அப்புறம் எல்லாம் வெறும் கோடு. பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வரவில்லை. நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தை முதல் பக்கமாக்கி, மேலே தேதி போட்டேன். இந்த மாதம் முழுக்க தினம் ஒரு பக்கம் எழுதுவது என்று அங்கேயே தரையில் உட்கார்ந்தபடி முடிவு செய்தேன்.

கல்லூரியில் படிக்கும்போது நிறைய எழுதுவேன். விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு வராந்தா விளக்கில் உட்கார்ந்து எழுதியதெல்லாம் உண்டு. கல்யாணத்துக்கு அப்புறம் நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எழுத நேரமில்லை என்று 17 வருடமாக நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அதை நம்பவும் செய்தேன். எனக்கு ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை. கணவருக்குச் சேதராப்பட்டில் ஷிஃப்ட் வேலை. மகள் பதினொன்றாவது, மகன் எட்டாவது. 77 வயதில் முழங்கால் வலியோடு அத்தை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு வேலை நிற்கும்.

எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனைகள் கொஞ்சம்தான். கையால் எழுத வேண்டும். தூங்குவதற்கு முன் முடிக்க வேண்டும். கணக்கும் மளிகைச் சாமான் பட்டியலும் செல்லாது.

முதல் பக்கத்தை அத்தைதான் தந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர்கள், "இன்னைக்கு லீவு எதுக்குன்னு தெரியுமா உனக்கு?" என்றார்கள். தெரியும் என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள், 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. அத்தைக்கு இந்த எண்ணிக்கை எதுவும் தெரியாது. அவர்கள் கீழூருக்குப் பக்கத்துக் கிராமம். அப்போது ஏழு வயது. ஊர் ஆம்பளைகள் எல்லாம் வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள், அப்பா திரும்பி வரும்போது பொரி உருண்டை வாங்கி வந்தார். அதுதான் அவர்களுக்கு விடுதலை நாள். "அந்த உருண்டைல ஒரு கடலை கூட சொத்தை இல்ல" என்றார்கள். எழுபது வருடத்துக்கு முந்தைய கடலை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பக்கம் நிரம்பிவிட்டது. மாதம் முழுக்க இப்படியே ஓடிவிடும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாளிலிருந்துதான் நிஜமான சோதனை ஆரம்பித்தது. விடியற்காலையில் எழுதினால் தொந்தரவு இருக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் தெருவில் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் தண்ணீர் வரும். மோட்டார் போட்டுத் தொட்டியில் ஏற்ற வேண்டும், நிரம்பி வழிவதற்குள் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு வந்தால் பால் பாக்கெட், அப்புறம் மகளுக்கு ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸ், இரண்டு டப்பா, மூன்று டம்ளர். மூன்று நாள் முயன்று பார்த்தேன். மூன்று நாளும் பக்கம் இரவுக்குத் தள்ளிப்போனது.

இரவு எப்படி இருந்தது என்பதற்கு ஐந்தாம் நாள் பக்கமே சாட்சி. ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தேன். அன்று மாலை தூறலில் ஸ்கூட்டியில் வரும்போது சிக்னலில் பார்த்த ஒருவரைப் பற்றி எழுதத் தொடங்கினேன். "சிக்னலில் ஒரு பெரியவர் மழைக்கோட்டு விற்றுக்கொண்டிருந்தார். அவர் மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். அந்த "மட்டும்" என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு புள்ளி. பேனா அங்கே நின்றபோது பட்ட மை. அந்த நேரத்தில்தான் மகன் வந்து, "அம்மா, நாளைக்கு சார்ட் பேப்பர் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றான். மணி 9.40. எந்தக் கடை திறந்திருக்கும்? மூலைக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார், ஓடிப்போய்க் கேட்டதில் மஞ்சள் நிறம் ஒன்று கிடைத்தது. திரும்பி வந்தால் அத்தைக்கு முழங்காலில் தைலம் தேய்க்க வேண்டும். தேய்த்துவிட்டு வந்தால் போனில் ஆபீஸ் குரூப்பில் ஒரு கேள்வி. அதற்குப் பதில் போடப் போய், பள்ளிக்கூட குரூப், தெரு குரூப், சொந்தக்காரர்கள் குரூப் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மணி பதினொன்று. நோட்டைப் பார்த்தேன். "அவர் மட்டும்." அவர் மட்டும் என்ன? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கோடு போட்டு விட்டுவிட்டு, மஞ்சள் சார்ட் பேப்பரைப் பற்றி எழுதிப் பக்கத்தை நிரப்பினேன்.

மறுநாள் ஆபீசில் ஒரு வவுச்சரைப் புரட்டும்போது சட்டென்று நினைவு வந்தது. அவர் மட்டும் மழைக்கோட்டு போட்டிருக்கவில்லை. நனைந்துகொண்டே விற்றார்.

அன்றைக்கு ஒன்று உறைத்தது. மகன் கூப்பிட்டதும் அத்தை கூப்பிட்டதும் எனக்குத் தொந்தரவாகத்தான் பட்டன. ஆனால் அந்த இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம்தான் போயிருந்தது. அந்த அரை மணியில் நடந்தது அத்தனையும் பக்கத்தில் எழுதக் கிடைத்தது. ஷட்டரின் சத்தம், மஞ்சள் காகிதம், தைல நெடி எல்லாம். போனில் போன முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு சொல் கூட எழுதக் கிடைக்கவில்லை. மறுநாளிலிருந்து எழுதும்போது போனை அரிசி டிரம் மூடி மேல் வைத்துவிட்டு வந்தேன். சமையலறைக்கு நடந்து போய் எடுக்க வேண்டும் என்பதே போதுமான தடையாக இருந்தது.

ஆனாலும் நேரம் என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் கிடைத்தால்தான் எழுத முடியும் என்று நான் எங்கிருந்தோ நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தவர் ஆன்டனி டிராலோப் என்ற ஆங்கில நாவலாசிரியர். 19ஆம் நூற்றாண்டுக்காரர். தபால் துறையில் 33 வருடம் வேலை பார்த்துக்கொண்டே எழுதி, கடைசியில் 47 நாவல்கள் விட்டுப்போனவர். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்காருவாராம். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்கு வைத்து எழுதுவாராம். தபால் வேலையாக ஊர் ஊராகப் போகும்போது ரயில் பெட்டியில் மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதியிருக்கிறார். கால் மணி நேரத்தை ஓர் அளவாக வைத்து ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இன்னும் இரண்டு விஷயங்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவரைக் காலையில் எழுப்ப ஒரு வேலைக்காரர் இருந்தார், அதற்கென்று வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். ரயிலில் எழுதிய பென்சில் எழுத்தை அப்புறம் மையால் படியெடுத்துக் கொடுத்தது அவர் மனைவி. இதைப் படித்தபோது மேலே போக முடியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். விடியற்காலையில் எழுதச் சொல்கிறவர்கள், விடியற்காலையில் காப்பி போடுகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நான் அழுத்தமாகவே நினைக்கிறேன்.

சரி, எனக்குக் கால் மணி நேரம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் மகனைக் கணக்கு டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும். ஏழே முக்காலுக்கு விடுவார்கள் என்று பெயர், எட்டு மணிக்குத்தான் வெளியே வருவான். அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் எங்கள் எல்லோர் முகத்திலும் போன் வெளிச்சம் இருக்கும். நான் நோட்டைக் கொண்டுபோனேன். ஸ்கூட்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டு, தெரு விளக்குக்கு நேராக நிறுத்தி, சீட்டின் மேல் நோட்டை விரித்து, நின்றபடியே எழுதினேன். வேப்ப மரத்தடி. கொசு கணுக்காலைப் பிடுங்கும். சீட்டு கொஞ்சம் சரிவாக இருப்பதால் என் எழுத்தெல்லாம் வலது பக்கம் சாய்ந்தபடி இருக்கும். இன்றைக்கும் நோட்டைப் புரட்டினால் எந்தப் பக்கம் டியூஷன் வாசலில் எழுதியது என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

முதல் நாள் மற்ற அம்மாக்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர், "அக்கா, ஏதாவது பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை, சும்மா எழுதுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எழுதுங்க, எழுதுங்க" என்று சொல்லி, விளக்கை மறைத்துக்கொண்டிருந்த தன் வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

தினமும் எழுதுவதைப் பற்றி யோசித்தால், எங்கள் ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அவர் வீடு இன்னும் நிற்கிறது. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அவர் பெயரிலுள்ள தெருவில் நடந்திருக்கிறேன், பெயரைத் தெருப் பெயராக மட்டுமே எண்ணி. ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்தவர், பிரெஞ்சுக்காரர் துய்ப்ளே இங்கே கவர்னராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக, அதாவது தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761இல் இறக்கும்வரை 25 வருடம் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். ஆபீஸ் சிநேகிதி ஒருவரிடம் அதில் ஒரு தொகுதி இருந்தது, வாங்கி வந்து அந்த மாதம் இரவில் இரண்டு இரண்டு பக்கமாகப் படித்தேன்.

தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டுத்தான் அன்றைய குறிப்பைத் தொடங்குகிறார். காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வந்தது, கப்பல் போனது, அதிசயமாக நடந்தது ஆகியவற்றை எழுதி வைக்கிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். எனக்கு அந்த வரிசை மிகவும் பிடித்திருந்தது. அதில் "நான் நினைத்தது" என்பது இல்லை. ஓய்வாக உட்கார்ந்து எழுதியவரும் இல்லை. கவர்னர் எந்த நேரத்திலும் கூப்பிட்டனுப்புவார். வியாபாரிகள் காத்திருப்பார்கள். தினமும் எத்தனையோ பேரோடு எத்தனையோ வழக்கு. அந்த நாட்குறிப்பைப் படிக்கும்போது அவருடைய பாக்குக் கிடங்கு அடிக்கடி வரும். கவர்னர் மாளிகையிலிருந்து அங்கே வருவார், அங்கே உட்காருவார், அங்கே ஆள் தேடி வரும். பாக்குக் கிடங்கு என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு என் ஸ்கூட்டி சீட்டு நினைவுக்கு வரும். அவரோடு என்னை ஒப்பிடும் துணிச்சல் இல்லை. ஆனால் ஊரே தன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் எழுதினார் என்றால், அந்தக் கூப்பாட்டுக்கு நடுவில்தான் எழுதியிருக்க வேண்டும்.

நவம்பர் 14ஆம் தேதி பக்கம் இல்லை.

தணிக்கை செய்ய வேண்டிய வருமான வரிக் கணக்குகளுக்கு அந்த வருடம் அக்டோபர் 31 கடைசி நாள் என்றிருந்ததை நவம்பர் 15 வரை நீட்டித்திருந்தார்கள். நீட்டித்தால் வேலை குறையாது, பதினைந்து நாளும் கடைசி நாள் மாதிரி ஆகிவிடும். இடையில் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி. கணக்கு வேறு. 14ஆம் தேதி இரவு ஆபீசிலிருந்து கிளம்பும்போது பத்தரை. மகனை அன்று கணவர் கூட்டிவந்திருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். நோட்டு கைப்பையிலேயே கிடந்தது.

15ஆம் தேதியும் பக்கம் இல்லை. 16ஆம் தேதியும் இல்லை. இந்த இரண்டு நாளைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 15ஆம் தேதி வேலை இருந்தது என்றாலும் கால் மணி நேரம் இல்லாமல் போகவில்லை. 16ஆம் தேதி சனிக்கிழமை, கார்த்திகை முதல் நாள். காலையில் எதிர்வீட்டுத் தம்பி ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றான். எழுத வேண்டிய காட்சி கண் முன்னால் இருந்தது, நேரமும் இருந்தது. எழுதவில்லை. முதல் நாளை வேலை எடுத்துக்கொண்டது. அடுத்த இரண்டு நாளை எடுத்துக்கொண்டது, முதல் நாள் விட்டுப்போனதே என்ற வருத்தம். முப்பதுக்கு முப்பது வராது என்று ஆன பிறகு இருபத்தொன்பது எதற்கு என்று மனசு கேட்டது. நோட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல பழக்கத்தை இந்த இரண்டாம் நாளில்தான் விட்டிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நடைப்பயிற்சி, சங்கீதம், இந்தி வகுப்பு எல்லாம். எனக்கே வீணை வகுப்பு அப்படித்தான் போனது.

இதைப் பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்பவர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. 2010இல் வெளிவந்தது. 96 பேரிடம் தினமும் செய்ய ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். அந்த வேலை யோசிக்காமல் தானாக வரும் அளவுக்குப் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுவாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கு வந்தது. 21 நாளில் எந்தப் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதற்கு இதில் இடமில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. இந்தச் செய்தியை எனக்கு யாராவது 14ஆம் தேதி இரவு சொல்லியிருந்தால் மற்ற இரண்டு நாளைக் காப்பாற்றியிருப்பேன்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது ஆய்வு இல்லை. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை கேட்டார்கள், "ஏம்மா, நோட்ட காணோம்?"

"விட்டுப்போச்சு அத்தை. மூணு நாளா எழுதல."

"ஏன்?"

"ஆபீஸ்ல வேலை."

"அது சரி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமதான?"

பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்களே, "எனக்காக ஒண்ணு எழுதுறியா? எங்க அம்மா பேர எழுது. ஒரு தடவ எழுதிப் பார்க்கணும்" என்றார்கள்.

அத்தை மூன்றாம் வகுப்புவரைதான் படித்தார்கள். கையெழுத்துப் போடுவார்கள், பஸ் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். அவர்களுடைய அம்மா அத்தைக்குப் பத்து வயதில் இறந்துபோனார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பத்திரம், கல்வெட்டு எதிலும் அந்தப் பெயர் கிடையாது. புகைப்படமும் கிடையாது. திதி கொடுக்கும்போது ஐயர் வாயில் ஒரு முறை வந்து போகும் பெயர், அவ்வளவுதான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போய் நோட்டை எடுத்து வந்தேன். பேரைச் சொன்னார்கள். ஐந்து எழுத்து. கொஞ்சம் பெரிதாக எழுதி, நோட்டைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் வைத்து, சத்தம் போட்டுக் கூட்டிப் படித்தார்கள். கடைசி எழுத்தில் விரல் அப்படியே நின்றது. நோட்டின் அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு தைலக் கறை இருக்கிறது.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது அந்த நோட்டில் இருக்கட்டும்.

மூன்று நாளையும் அப்புறம் எழுதி நிரப்பிவிடலாமா என்று யோசித்தேன். தேதி போட்டு ஏதாவது எழுதினால் யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்று விட்டேன். தேதி மட்டும் போட்ட மூன்று வெற்றுப் பக்கம் நோட்டில் இருக்கிறது. பிள்ளையவர்களின் நாட்குறிப்பிலும் விடுபட்ட நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைத்துப் பார்ப்பதே ஒரு வகையில் அவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது. என் மகள் என்றைக்காவது இந்த நோட்டைப் புரட்டினால், நவம்பர் 14 முதல் 16 வரை அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவளும் கேட்டுக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. "டியூஷனுக்கு நான் போய்க் கூட்டிட்டு வர்றேன், நீ உட்கார்ந்து எழுது" என்று கணவர் சொன்னார். மனசாரச் சொன்னார். வேண்டாங்க, அந்த நேரம் எனக்கு வேணும் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் காலையில் மோட்டார் போடும் வேலையைப் பகல் ஷிஃப்ட் வாரங்களில் அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் எழுதவில்லை, தூங்கினேன். இரவில் கை ஓடுவதற்கு அந்தத் தூக்கம்தான் காரணம்.

மாதக் கடைசியில் எழுதியவை ஒல்லியான பக்கங்கள். 21ஆம் தேதி, "இன்று ஒன்றும் நடக்கவில்லை" என்றே தொடங்குகிறது. அடுத்த வரியில், மதியம் டப்பாவைத் திறந்தபோது எலுமிச்சை சாதத்தின் மேல் மகள் வறுத்த வேர்க்கடலையைச் சிரிக்கும் முகம் மாதிரி அடுக்கி வைத்திருந்தாள் என்று இருக்கிறது. டப்பாவைக் கட்டியது நான் என்றுதான் நினைத்திருந்தேன், கடைசி நேரத்தில் அவள் மூடியைத் திறந்து இதைச் செய்திருக்கிறாள். எழுதியிருக்காவிட்டால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். இப்போது படிக்கும்போது எனக்கு முதல் வாரத்துப் பெரிய பெரிய பக்கங்களைவிட இந்த ஒல்லிப் பக்கங்கள்தான் பிடிக்கின்றன. அவற்றில் எழுத்தழகுக்காக நான் எதுவும் செய்யவில்லை.

28ஆம் தேதியிலிருந்து புயல் பேச்சுதான். ஃபெஞ்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வரும், வராது, வலுவிழக்கும் என்று மாற்றி மாற்றிச் செய்தி. 30ஆம் தேதி சனிக்கிழமை காலையிலிருந்து மழை நிற்கவே இல்லை. மாலையில் காற்று கூடியது. எங்கள் வீடு லாஸ்பேட்டையில் மாடி வீடு. மெழுகுவத்தி, டார்ச், பிஸ்கட், தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்திருந்தோம். கரண்டு போய்விட்டது. கணவர் ஷிஃப்டிலிருந்து மதியமே வந்துவிட்டதால் ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தோம். மேற்குப் பக்கத்து ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது, பழைய துணியைத் திணித்து அடைத்தோம்.

மாதத்தின் கடைசி நாள். எழுத வேண்டும் என்ற நினைப்பு இருந்தது, ஆனால் அந்தச் சத்தத்தில் நோட்டை எடுப்பது பொறுப்பில்லாத காரியம் மாதிரி இருந்தது. பத்து மணி இருக்கும். அத்தை இருட்டிலிருந்து, "இன்னைக்கு எழுதலையா?" என்றார்கள்.

"இந்தக் காத்துலயா அத்தை?"

"காத்து அது பாட்டுக்கு அடிக்குது. நோட்ட எடு."

மெழுகுவத்தி நிற்கவில்லை. அத்தை டார்ச்சை வாங்கிக்கொண்டார்கள். தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். அத்தையின் கை நடுங்கியதால் வெளிச்சமும் பக்கத்தின் மேல் நடுங்கியது. வெளிச்சம் விழுந்த இடத்தில் எழுதினேன், விலகியபோது நிறுத்தினேன். முதலில் சத்தங்களை எழுதினேன். தகரம் ஒன்று எங்கேயோ பெயர்ந்து சாலையில் இழுபடும் சத்தம். தென்னை மட்டை விழும் சத்தம். மகன் விடாமல் பேசிக்கொண்டிருந்தது, பயத்தில் அவனுக்குப் பேச்சு கூடிவிடும். மகள் பாட்டியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. பத்தரைக்கு மேல்தான் புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது என்று மறுநாள் சொன்னார்கள். அப்படியென்றால் புயல் கரையைக் கடக்கும்போது நான் பக்கத்தின் பாதியில் இருந்திருக்கிறேன்.

1761ஆம் வருடப் புத்தாண்டு நாளில் இதே கடற்கரையில் ஒரு பெரும்புயல் அடித்தது. புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களில் பல அதில் மூழ்கின. அதே மாதம் ஆனந்தரங்கப் பிள்ளையும் இறந்தார், ஊரும் வீழ்ந்தது. டார்ச் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த வீடும் அந்தக் காற்றும் நினைவுக்கு வந்தன. பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி அவருக்காக எழுதினேன்.

விடிந்தபோது தெருவே தெரியவில்லை. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கொஞ்ச தூரத்தில் கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறி, ராணுவத்தினர் வந்து ஆட்களை மீட்டார்கள். ஆபீஸ் சிநேகிதி வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர், அவர் பீரோவின் அடித்தட்டில் இருந்த புத்தகங்கள் எல்லாம் நனைந்துபோயின. நான் வாங்கி வந்த தொகுதி மட்டும் என்னிடம் இருந்ததால் தப்பியது. அன்று பகலெல்லாம் தெருவில் எல்லோருக்கும் வேலை இருந்தது. கீழ்வீட்டுக்காரர்களின் சாமான்களை மேலே ஏற்றினோம், ஒரே அடுப்பில் பதினோரு பேருக்குக் கஞ்சி வைத்தோம்.

இரவும் கரண்டு வரவில்லை. நோட்டின் ஓரம் ஈரத்தில் உப்பியிருந்தது, காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தேன். மாதம் முடிந்துவிட்டது, முப்பதில் இருபத்தேழு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாயை விரித்துக்கொண்டிருந்தேன். அத்தை தலைமாட்டில் தடவி டார்ச்சை எடுத்து, எரிகிறதா என்று ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினார்கள்.

"தேதி போட்டுட்டியா?" என்றார்கள்.

அடுப்பங்கரைக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன்.